ரயில் போகும்வரை சிரியுங்கள்

அக்கா டி.வி.யில் வரப்போவதாகப் போனில் சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எஸ்தர் அக்கா முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓய்வுபெறும் நாளில் மேடையேறிச் சால்வை வாங்கக்கூட மாட்டேன் என்று அடம்பிடித்தவள். அப்படிப்பட்டவள், மனஸ்தாபத்தில் இருக்கும் குடும்பங்களை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடும் நிகழ்ச்சிக்குப் போகிறாள் என்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது. நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில், சரக்கு சேதமாகிவிட்டது என்று வரும் புகார்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. லீவு போட்டுக் கிளம்பினேன். நிகழ்ச்சியைத் தடுக்கத்தான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. "சும்மா பாக்கணும் போல இருந்துச்சுக்கா" என்றேன். "சரி" என்றாள். அந்தச் "சரி"யை நான் நம்பவில்லை, அவளும் என்னை நம்பவில்லை.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தான் இறந்துபோனார். அடக்கம் மாலை நாலு மணி என்று சபையில் அறிவித்திருந்தார்கள். ஒரே மகள் ஷீபா அப்போது புனேயில் இருந்தாள். அவள் வந்த விமானம் தாமதம். "அரை மணி பொறுக்கலாமே டீச்சர்" என்று போதகரே கேட்டார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலுன்னா நாலு" என்றாள். பெட்டியை மூடினார்கள். ஷீபா கல்லறைத் தோட்டத்துக்குள் ஓடிவந்தபோது எல்லோரும் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தோம். நானும் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அன்றோடு தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. ஷீபா இப்போது சென்னைக்கே மாற்றலாகி வந்துவிட்டாள். ஆனாலும் அக்காவின் போன் நம்பரை பிளாக் செய்துவைத்திருக்கிறாள்.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஏறிய ஆட்டோவை, ஏறுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொண்டேன். நம்பர் பிளேட் தெளிவாக விழவேண்டும் என்று குனிந்து எடுத்ததை டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "இன்னா சார், நம்ம வண்டிய போட்டோ புடிச்சிகினு? நல்லா கீதா?" என்றார். சேலையூர் தாண்டியதும் ஒரு சந்தில் திருப்பினார். ஏன் மெயின் ரோடை விட்டீர்கள் என்று கேட்டேன். "அங்க பள்ளம் தோண்டி போட்டுகீறான் சார். பேஜார்." நான் நம்பவில்லை. மாடம்பாக்கத்தில் தெரு முனையைக் காட்டியதும் வண்டியை நிறுத்திவிட்டு, "கணக்கு டீச்சர் வூடா? அத்த பஸ்ட்டே சொல்லக்கூடாதா" என்றார். அவர் மகனுக்கு அக்காதான் கணக்கு சொல்லிக்கொடுத்தாளாம். என் நோட்டில் அவர் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டேன்.

அக்கா வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தாள். சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் பிளாக்கின் கீழ்க்கடையிலும் மீன் தலைக் கறி கிடைக்கும், ஆனால் அதில் புளி வேறு எங்கோ வேலையாகப் போயிருக்கும். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளும்போதுதான் சமையலறைச் சுவரில் இருந்த சபை காலண்டரைக் கவனித்தேன். ஷூட்டிங் நாளான வியாழக்கிழமைக் கட்டத்துக்குள் பென்சிலில் 2.47, 3.20, 3.52 என்று எழுதியிருந்தது.

"இது என்ன?"

"டியூஷன் டைம்."

"அத விட்டுட்டேன்னு சொன்னியே."

"மீன் முள்ளு பாத்துச் சாப்பிடு."

வாசலில் ஒரு பிள்ளையின் செருப்பும் இல்லை. இது டியூஷன் இல்லை, நிகழ்ச்சிக்காரர்கள் எந்த நேரத்துக்கு எதைப் பேசவேண்டும் என்று எழுதவைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். நேரங்களை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் உளவு பார்க்கக் கிளம்பினேன். ஷூட்டிங் நடக்கும் இடம் ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில், தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. மின்சார ரயிலில் போனேன். வண்டலூர் தாண்டியதும் வண்டி வெட்டவெளியில் நின்றுவிட்டது. சிங்கப்பூரில் ரயில் இரண்டு நிமிஷம் நின்றால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே ஒருத்தரும் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. எதிர் சீட்டு அம்மா மடியில் கீரையைப் பிரித்து ஆய ஆரம்பித்தார். "எக்ஸ்பிரஸ்ஸ விட்டுட்டுத்தான் இத விடுவான். தெனமும் லேட்டுதான்" என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கண்டு, "வெளியூரா?" என்று கேட்டார்.

அந்த இடத்தை 'ஷூட்டிங் புளோர்' என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மரகதமாலை தியேட்டர் என்றதும் கை காட்டினார்கள். தியேட்டர் போய் எத்தனையோ வருஷமாகியும் பெயர் மட்டும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. முன்பக்கம் முழுக்க தகரம் அடித்து நீல பெயின்ட் பூசியிருந்தார்கள். ஆனால் டிக்கெட் வாங்க வரிசையாக நிற்பதற்கான கம்பிக் கூண்டு அப்படியே இருந்தது. அதன் மேல் 'பெண்கள்' என்ற எழுத்து வெளிறித் தெரிந்தது.

பழைய தியேட்டர்கள் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன் என்று மேனேஜரிடம் புளுகினேன். பாலாஜி என்று பெயர், நாற்பது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கட்டுரையா? இல்ல, எடம் பாக்க வந்தீங்களா சார்? போன மாசமும் ஒருத்தர் கட்டுரைன்னு வந்து டேப்பு வெச்சு அளந்துட்டுப் போனாரு." என்னைவிடச் சந்தேகப் பேர்வழி ஒருத்தரைப் பார்த்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். என் பையில் டேப் இல்லை என்று திறந்து காட்டிய பிறகே டீ வரவழைத்தார்.

பிறகு அவரை நிறுத்தமுடியவில்லை. படம் ஓட்டிக் கட்டுப்படியாகாமல் மூடினார்களாம். முதலில் கல்யாண மண்டபம் ஆக்கினார்களாம். "தியேட்டர் தரை சரிவு இல்லியா சார், பந்தியில எலைல ரசம் ஊத்துனா பக்கத்து எலைக்குப் போவும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க." அப்புறம் தண்ணி கேன் குடோன். அதற்கப்புறம்தான் டி.வி. அந்தச் சரிவில் செங்கல் ஜல்லி கொட்டி மேடாக்கி மேலே பலகை அடித்தார்கள். புரொஜெக்டர் ரூம் கன்ட்ரோல் ரூம் ஆனது. படம் விழுந்த அந்த இரண்டு சதுர ஓட்டை வழியாக இப்போது கேபிள் இறங்குகிறது. சைக்கிள் ஸ்டாண்டு மேக்கப் ரூம்.

"டி.வி.காரனுக்கு என்ன வேணும்? நடுவுல தூண் கூடாது, ஜன்னல் கூடாது, கூரை ஒசரமா இருக்கணும். இது மூணும் இருக்கற கட்டடம் தியேட்டர் ஒண்ணுதான் சார். இந்தப் பக்கம் மூடுன தியேட்டருங்க நெறைய இப்படித்தான் மாறிச்சு."

"அப்போ குறையே இல்லையா?"

அவர் பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. காலடியில் தரை அதிர்ந்தது, டீ கிளாஸ் மேஜையில் நகர்ந்தது, ஒரு வண்டி கடகடவென்று போனது. அது போய் முடியும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஸ்டேஷன்ல எறங்குற ஜனம் நேரா உள்ள வரட்டும்னுதான் அந்தக் காலத்துல இங்க கட்டுனாங்க" என்றார். "படத்துக்கு ரயில் நல்லது. பேச்சுக்கு ஆவல."

மூன்றாம் நாள், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று, பெரும்பாக்கம் போகும் வழியில் இன்னொரு பழைய தியேட்டருக்குப் போனேன். ஷேர் ஆட்டோ மேடவாக்கத்துக்கு முன்னால் நின்றுவிட, ஒன்பது பேரும் இறங்கித் தள்ளினோம். அங்கே சீரியல் எடுக்கிறார்கள். ஒரே கூரைக்குள் ஆஸ்பத்திரி, கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், மாமியார் வீடு. வாசலில் போண்டா தின்றுகொண்டிருந்த நீதிபதி, "உள்ள போகாதீங்க, ஐ.சி.யு.ல கொசுவத்தி வெச்சிருக்காங்க" என்றார். அந்தப் போண்டாவை நானும் இரண்டு வாங்கினேன். மிளகு போட்டிருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் அங்கே தின்ற எதையும் போண்டா என்று முழுமையாக நம்ப மனம் வரவில்லை.

அன்று மாலை அக்காவிடம் நேராகக் கேட்டுவிட்டேன். "போகாதக்கா. உன்ன அழவெச்சுப் படம் புடிப்பாங்க. அவ்வளவுதான் அவங்க தொழிலே."

"தெரியும்" என்றாள். "பக்கத்து வீட்டு மேரியோட ரெண்டு தடவ போய் ஆடியன்ஸ்ல உக்காந்து பாத்துட்டேன்."

"பாத்துமா?"

"ஷீபா என்னைப் பாத்துக் கேள்வி கேக்கணும்னு ஒத்துக்கிட்டா. போன எடுக்காதவ, வீட்டுக்கு வராதவ, அங்க வர்றேன்னு சொல்லியிருக்கா. நான் வேற எங்க போய் அவள பாக்கறது?"

"நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை. பழைய டிக்கெட் கவுன்ட்டரின் அரைவட்ட ஓட்டையில் இருந்து ஒரு காகிதமும் பேனாவும் வந்தன. நான் கையை நீட்டி கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஒரு கப்பல் சரக்குக்கான பத்திரத்தை மூன்று முறை படிக்கிறவன், டிக்கெட் கவுன்ட்டர் என்றதும் படிக்காமல் போட்டேன். என் முகத்தை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அதில் எழுதியிருந்ததாம்.

என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் பெயர் கலா. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வேனில் கூட்டி வருகிறார்களாம். மூன்று வருஷமாக எல்லா நிகழ்ச்சிக்கும் ஆடியன்ஸ். அவர்தான் எனக்கு அந்த இடத்தின் வேலை முறையைச் சொன்னார், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

எங்களுக்கு எதிரே மேடை, அதில் தள்ளித் தள்ளி மூன்று நாற்காலி, எதிலும் ஆளில்லை. எங்கள் தலைக்குப் பின்னால், சுவர் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தது. காதில் ஹெட்செட் மாட்டிய நித்யா என்ற பெண் கைதட்டினாள். கேமரா எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. "எல்லாரும் சிரிங்க. வாய் விட்டுச் சிரிங்க" என்றாள். ரயில் சத்தம் வந்தது. சிரிப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் நூறு பேர் சிரிப்பதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தேன். ஒரு கேமரா என் முகத்துக்குக் கிட்டே வந்து நின்றது.

"சூப்பரா சிரிச்ச சார்" என்றார் கலா. "புச்சா?"

"இது எதுக்கு?"

"ரயிலு போவும்போது பேச்சு எடுக்க முடியாதுல்ல. வெளிய ஒரு ஆளு லைனையே பாத்துகினு இருப்பான். வண்டி தெரிஞ்சா பட்டன் அமுக்குவான், லைட்டு எரியும். அந்த டைம வேஸ்ட் பண்ணாம நம்ம மூஞ்சிய புடிச்சி வெச்சிப்பாங்க. சிரிப்பு, அழுவ, ஷாக்கு. அப்பால எங்க வோணுமோ அங்க ஒட்டிக்குவாங்க."

"எங்க வேணும்னாலுமா?"

"ஆமா சார். அந்தம்மா பேசறச்ச கூட ஒட்டலாம்."

அக்கா அங்கே உட்கார்ந்து புருஷனைப் புதைத்ததைப் பேசுவாள், அவள் தம்பி வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருப்பான். எழுந்து மேக்கப் ரூம் பக்கம் போனேன். நித்யா மறித்தாள். "பேச வந்த பார்ட்டிய பாக்கக்கூடாது சார், சீட்டுக்குப் போங்க." நான் எஸ்தர் டீச்சரின் தம்பி என்றேன். "அப்போ கண்டிப்பா கூடாது" என்றாள். திரும்பி வந்ததும் கலா ஆறுதலாகச் சொன்னார்: "அம்மாவையும் பொண்ணையும்கூட பாக்க வுட மாட்டாங்க. வெவ்வேற வண்டி, வெவ்வேற வாசல். முடிஞ்சாலும் தனித்தனியா ஏத்தி அனுப்பிருவாங்க. வெளிய சமாதானம் ஆயிட்டா புரோகிராம் இன்னாத்துக்கு ஆவும்?"

சேனலுக்குப் புகார் எழுதுவதென்று தீர்மானித்து நோட்டை எடுத்து, 'முதல் ரயில் 2.49, சிரிக்கச் சொன்னார்கள்' என்று குறித்தேன்.

ஷீபா ஒரு வாசலில் இருந்து வந்தாள். மெலிந்திருந்தாள். அக்கா மறு வாசலில் இருந்து, வெள்ளைப் புடவையில் சிறிய பார்டர், கையில் கைக்குட்டைகூட இல்லாமல் வந்தாள். நடுவராக வந்தவர் குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் மெதுவாகக் கேட்டார். அத்தானைப் பற்றி அக்கா நாலு வார்த்தை பேசினாள். பிறகு ஷீபா திரும்பி, தன் அம்மாவை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"இருபது நிமிஷம்மா. இருபது நிமிஷம் ஏன் எனக்காகக் காத்திருக்கல?"

அக்கா வாயைத் திறக்கவில்லை.

நடுவர் விதவிதமாகக் கேட்டார். பதில் சொல்லுங்கள் என்றார். உங்கள் மகள் கேட்கிறாள் என்றார். குற்ற உணர்ச்சியா, கோபமா, பிடிவாதமா என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை என் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. மன்னிப்புக் கேட்க மனசில்லாவிட்டால் எதற்கு இங்கே வந்தாய் என்று கத்தவேண்டும் போலிருந்தது. ஷீபாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அவள் சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றக் கை வைத்தாள். நடுவர் கெஞ்சி உட்காரவைத்தார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. கலாகூட என் காதில், "இன்னா சார், கல்லு மாதிரி கீது" என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

நித்யா கைதட்டினாள். கேமராக்கள் எங்களைப் பார்த்துத் திரும்பின. மேடை விளக்கைக் குறைத்தார்கள். ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நடுவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். தரை அதிர ஆரம்பித்தது. "சிரிங்க, சிரிங்க" என்று நித்யா சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

அரை இருட்டில் அக்கா எழுந்தாள். ஆறேழு எட்டு நடந்து ஷீபாவின் நாற்காலிக்குப் போனாள். குனிந்து, அவள் தலையைப் பிடித்து, காதோடு வாயை வைத்து என்னவோ சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். ஷீபா முதலில் விறைப்பாக இருந்தாள். பிறகு அவள் கை மேலே வந்து அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டது. ஒரு கேமராகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். சுற்றிலும் நூறு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

"சார், இது சிரிப்பு டேக்கு" என்று கலா என்னை இடித்தார்.

வண்டி போய் முடிந்தது. விளக்கு வந்தபோது அக்கா தன் நாற்காலியில், புடவையைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தாள். நடுவர் கடைசி முறையாகக் கேட்டார். "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார்" என்றாள். ஷீபாவும் தலையைக் குனிந்துகொண்டாள். சமாதானம் ஆகவில்லை என்று நடுவர் வருத்தத்தோடு அறிவித்தார். ஆளுக்கொரு வாசலாகக் கூட்டிப்போனார்கள். எனக்குப் பொட்டலத்தில் சாம்பார் சாதம் தந்தார்கள்.

பல வாரம் கழித்து நிகழ்ச்சி ஒளிபரப்பானது. பதில் சொல்ல முடியாமல் திணறிய தாய் என்று போட்டார்கள். அக்காவின் மௌனத்தை அரை நிமிஷத்துக்கு வெட்டி, அதன் நடுவே என் சிரிப்பை ஒட்டியிருந்தார்கள். ஆபீசில் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. புகார் எழுத எடுத்த நோட்டைப் பையிலேயே போட்டுவிட்டேன்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் மாடம்பாக்கத்தில் அக்கா சமையலறையில் நின்று தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். "அவகிட்ட அப்படி என்னதான் சொன்ன?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அதையும் நோட்டுல எழுதிக்கவா?"

"மைக்குல சொல்லியிருக்கலாமே."

"ஊர் கேக்கறதுக்கா சொல்றது? அவளுக்குத்தானே சொல்லணும்."

தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது மறுபடியும் அந்தக் காலண்டர் கண்ணில் பட்டது. 2.47, 3.20, 3.52. நோட்டை எடுத்துப் பார்த்தேன். புகாருக்காக நான் குறித்த இரண்டாவது ரயில் 3.31 என்று இருந்தது. அவள் இரண்டு தடவை ஆடியன்ஸில் போய் உட்கார்ந்தது எதைப் பார்க்க என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று இருபதுக்கு வரவேண்டிய வண்டி அன்றைக்குத் தாமதம். ஊரே சுற்றி நின்று குத்தியும், பெற்ற மகள் எழுந்து போகப் பார்த்தும், எஸ்தர் அக்கா பதினொரு நிமிஷம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை விட்டுவிட்டேன்.

ஏழு மணிக்கு வருவதாக ஷீபா போனில் சொல்லியிருந்தாளாம். மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தாள் அக்கா. ஏழு அடித்தது. ஏழே கால் ஆயிற்று. மேடவாக்கம் சிக்னலில் வண்டி நகரவில்லை என்று ஷீபாவிடமிருந்து அக்கா போனுக்கு மெசேஜ் வந்தது. ஏழே முக்கால் ஆயிற்று. எனக்குப் பசி தாங்கவில்லை. நாம் சாப்பிடுவோமே என்று தோசைக்கல் பக்கம் போனேன்.

அக்கா அடுப்பை அணைத்தாள். "இரு சாமு" என்றாள். "அவ வரட்டும்."